அரக்கனின் சமையலறை வரை

நம் வயதுக்காரர்கள் வீடியோ கேம் கேசட்டைப் பற்றி உருகி எழுதும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. ஊதினால் வேலை செய்யுமே, ஞாபகம் இருக்கிறதா என்று ஒருவர் கேட்பார். உடனே நாற்பது பேர் கண்ணீர் விடுவார்கள். ஞாபகம் இருக்கிறது. தூசியும் எச்சிலும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனைகூட இருக்கிறது. உங்களுக்கு அது பொற்காலமாகவே இருக்கட்டும். எனக்கு அதை நினைத்தால் ஒரு விசாரணைதான் நினைவுக்கு வரும்.

விருப்ப ஓய்வு வாங்கும்வரை நான் பெரும்பாலும் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில்தான் இருந்தேன். குற்றச்சாட்டு, விளக்கம், சாட்சி, குறுக்கு விசாரணை, அறிக்கை என்று ஒரு மனிதரை எப்படிப் படிப்படியாக வாசலுக்குக் கொண்டு வந்து விடுவது என்பதில் எனக்குத் தெரியாத விதி இல்லை. புதிதாக வரும் இளைஞர்கள், மேடம் இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்பார்கள். பயிற்சி நிலையத்தில் என்று சொல்லிவைப்பேன். உண்மையில் பன்னிரண்டு வயதில், அடையாற்றில், பெரியப்பா வீட்டு ஹாலில், ஒரு விஜயதசமி காலையில் கற்றுக்கொண்டேன்.

அப்பாவை வடக்கே மாற்றியிருந்தார்கள். தி.நகர் வாடகை வீட்டைக் காலி செய்து, பாத்திரங்களைப் பெரியப்பா வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டு, அம்மாவும் நானும் பின்கட்டு அறைக்குக் குடிவந்தோம். ஒரு வருஷம் என்று பேச்சு. அம்மா அந்த வீட்டில் நடந்த விதத்தைப் பார்த்தால், தரைக்கு வலிக்குமோ என்று பயப்படுகிறவள் போலிருக்கும். யார் என்ன சொன்னாலும் 'சரி மன்னி' என்பாள். பணிந்து போனால் நம்மை விட்டுவிடுவார்கள் என்பது அவள் கணக்கு. பணிந்தவர்களை யாரும் விட்டதில்லை. பணியிலேயே வைத்துக்கொள்வார்கள்.

பெரியப்பா ஓர் அரசு அலுவலகத்தில் பெரிய அதிகாரி. வீட்டிலும் அதே பதவியில் நீடித்தார். டிவி பார்க்க வேண்டுமா, எழுதிக் கொடு. சினிமாவுக்குப் போக வேண்டுமா, எழுதிக் கொடு. ஹாலில் அவருக்கென்று ஒரு சாய்வு நாற்காலி. பிரம்பு பின்னிய முதுகு, கைப்பிடியில் டம்ளர் வைத்த வட்டத் தழும்புகள். அதில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர் ஊரில் இல்லாத நாட்களில்கூட அது காலியாகவே இருந்து எங்களைக் கண்காணித்தது.

அவரைக் கெட்டவர் என்று எழுத ஆசையாக இருக்கிறது. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ சுலபம். அவர் நியாயமானவர். அதுதான் தொல்லை.

வீடியோ கேம், பெரியம்மாவின் தம்பி பர்மா பஜாரில் வாங்கி அண்ணாவுக்குக் கொடுத்தது. அண்ணா என்றால் பெரியப்பாவின் ஒரே பிள்ளை, என்னைவிட இரண்டு வயது பெரியவன். இப்போது வெளிநாட்டில் நன்றாக இருக்கிறான். அதில் எனக்குத் தனியாக மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. கேசட்டின் மேல் தொண்ணூற்றொன்பது ஆட்டங்கள் என்று போட்டிருக்கும், உள்ளே இருந்தவை நான்கு. மற்ற தொண்ணூற்றைந்தும் அதே நான்கு வேறு பெயர்களில். அரசாங்கத் திட்டங்களைப் புரிந்துகொள்ள அது பின்னாளில் எனக்கு உதவியது.

அந்த நான்கில் ஒன்றுதான் அவரைக்கொடி ஆட்டம். இங்கிலீஷ் பாடத்தில் நாம் எல்லோரும் படித்த கதைதான். பசுவைக் கொடுத்து விதை வாங்குகிற பையன், வானம்வரை வளரும் கொடி, மேலே அரக்கன் வீடு, பொன்முட்டை இடும் கோழி. கதையில் இரண்டு பக்கத்தில் ஏறிவிடுவான். ஆட்டத்தில் நாங்கள் ஒன்றரை மாதம் ஏறினோம். முதல் கட்டம் தோட்டம். நத்தை தொட்டாலே உயிர் போகும். இரண்டாவது, கொடி. இலைமேல் கால் வைத்து இரண்டு எண்ணுவதற்குள் இலை உதிரும், பக்கவாட்டில் காக்கை வரும். மூன்றாவது, மேகம். வழுக்கும். நான்காவது, கோட்டை முற்றம், மேலிருந்து ஜாடிகள் விழும். மூன்று உயிர்தான். மூன்றும் போனால் மறுபடியும் நத்தை. பெட்டியை அணைத்துவிட்டு நாளைக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியெல்லாம் கிடையாது. மின்சாரம் போனால் எல்லாம் போச்சு.

அண்ணா ஆத்திரமாக ஆடுவான். செத்தால் ஜாய்ஸ்டிக்கைத் தரையில் அடிப்பான். நான் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து கோடு போட்ட நோட்டு ஒன்றில் குறித்துக்கொண்டிருப்பேன். எந்த இலை எப்போது உதிரும், எந்தக் காக்கை வலமிருந்து வரும், எத்தனையாவது ஜாடிக்குப் பிறகு மூச்சுவிட நேரம் கிடைக்கும் எல்லாம் அதில் இருந்தது. எனக்குக் கிடைத்த அரைமணியில் அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆடினேன். புரட்டாசிக்குள் அவனைவிட மேலே போய்விட்டேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. நானாக இருந்தாலும் பிடித்திருக்காது.

காலாண்டு விடுமுறையும் நவராத்திரியும் சேர்ந்து வந்தன. மூன்றாம் நாள், கொலுவில் கல்யாண செட்டு நாதஸ்வரக்காரருக்குக் கை உடைந்திருந்தது. மயிலாப்பூரில் பெரியம்மா பேரம் பேசி வாங்கிய செட்டு. அண்ணா ரப்பர் பந்தை ஹாலில் அடித்ததை நான் பார்த்தேன். கேட்டபோது அதைச் சொன்னேன். அவன், இவள்தான் எடுத்து வைத்து விளையாடினாள் என்றான். இரண்டு வாக்குமூலம், சாட்சி இல்லை. பெரியப்பா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த தலையைக் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொள்வது எல்லா அலுவலகங்களிலும் உள்ள வழக்கம்.

பெரியப்பா சத்தம் போடவில்லை. "உடைஞ்சது மண்ணு. போனாப் போறது. பொய் சொல்றது அப்படியில்லை. நவராத்திரி முடியட்டும், உங்கப்பாவுக்கு எழுதறேன்" என்றார்.

இது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். வாரத்துக்கு ஒரு இன்லண்ட் லெட்டர்தான் அப்பாவுக்கும் எனக்கும் நடுவே இருந்தது. அதில் எனக்கென்று கீழே மூன்று வரி எழுதுவார். 'உன் பெண் பொய் சொல்கிறாள்' என்று தன் அண்ணன் கைப்பட எழுதியதை அப்பா படித்தால், அந்த மூன்று வரி இனி எப்படி இருக்கும் என்று நான் யோசித்து யோசித்து, சுண்டலைத் தொடாமலே வைத்துவிட்டேன். அம்மா அன்றிரவு என்னிடம், நீதான் உடைத்தாய் என்று ஒப்புக்கொண்டுவிடு, முடிந்துபோகும் என்றாள். அவளை நான் நெடுநாள் மன்னிக்கவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து, முற்றத்தைத் தாண்டி ஐந்தாவது கட்டம் ஒன்று இருக்கிறது, கதவுவரை போய்விட்டேன் என்று சொன்னேன். நான்கோடு ஆட்டம் முடிகிறது, இதுவும் புளுகு என்றான் அண்ணா. பெரியப்பா காதில் அது விழுந்தது. அவர் முகத்தில் ஒரு கோப்பில் இன்னொரு காகிதத்தைச் செருகும் பாவனை தெரிந்தது.

சரஸ்வதி பூஜையன்று வீட்டுப் புத்தகங்களையெல்லாம் கொலுப் படிக்குக் கீழே அடுக்கி, மேலே பட்டு விரித்து, சந்தனம் குங்குமம் வைத்தார்கள். வருஷத்தில் படிக்கவே கூடாத ஒரே நாள். மறுநாள் புனர்பூஜை ஆகிறவரை அடுக்கியதை யாரும் தொடக் கூடாது. அம்மா என் பள்ளி நோட்டுகளோடு அந்தக் கோடு போட்ட நோட்டையும் வாரிக்கொண்டு போய் வைத்துவிட்டாள். கேட்டு வாங்க முடியாது. வைத்தது வைத்ததுதான்.

மத்தியானம் பெரியம்மாவும் அம்மாவும் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள நாலு வீடு போனார்கள். அண்ணா கிரிக்கெட். பெரியப்பா மயிலாப்பூரில் ஏதோ கச்சேரி. வீட்டில் நானும், பாத்திரம் தேய்க்க வரும் அக்காவும்தான். அவள் ஊரூர் குப்பத்திலிருந்து நடந்து வருவாள். முப்பது வயது இருக்கும். பின்வாசலில் நுழைந்து பின்வாசலில் போவாள். ஹாலுக்குள் பெருக்கும்போது மட்டும் அனுமதி.

நோட்டு இல்லாமல் ஆட ஆரம்பித்தேன். ஒன்றரை மாதம் எழுதியது கையில் ஏறியிருந்தது. கொடியில் ஓர் உயிர் போயிற்று, முற்றத்தில் ஒன்று. கடைசி உயிரோடு ஜாடிகளைத் தாண்டிக் கதவைத் தொட்டேன். திரை கறுத்து, திறந்தது.

அரக்கனின் சமையலறை. அவ்வளவு பெரிய உருவத்தை அந்தப் பெட்டிக்குள் நான் எதிர்பார்க்கவில்லை. மேசைமேல் தலை சாய்த்துத் தூங்குகிறான். மூச்சுவிடும் போதெல்லாம் தட்டுகள் ஆடுகின்றன. என் பையன் கட்டைவிரல் அளவில் மேசைக்கடியில் நிற்கிறான். கூடையில் கோழி.

எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. "அக்கா, இங்க வாங்கோ" என்று கத்தினேன். அவள் புடவையில் கையைத் துடைத்தபடி வந்து நிலைப்படியிலேயே நின்றாள். இன்னா பாப்பா, இன்னா ஆச்சு என்றாள். உள்ளே வந்து பாருங்கோ என்றேன். வந்தாள். உட்காருங்கோ அக்கா, இப்போ ஓட விடறேன் என்றேன். என்னைச் சுற்றித் தரையில் என் பூஜைப் பாவாடை விரிந்து கிடந்தது, சுவரோரம் கொலு. காலியாக இருந்தது ஒரே இடம். அவள் தயங்கினாள். யாருமில்லை அக்கா, சும்மா உட்காருங்கோ என்று நான்தான் சொன்னேன்.

நுனியில்தான் உட்கார்ந்தாள். அரக்கனின் மூச்சு உள்ளே போகும்போது ஓடு, வெளியே வரும்போது ஒளிந்துகொள் என்று ஐந்து நிமிஷத்தில் அவளே கண்டுபிடித்துவிட்டாள். "த்தோ, அவன் மூச்ச இழுக்குறான், இப்ப ஓடு பாப்பா" என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அப்படியே மெல்ல மெல்லச் சாய்ந்து உட்கார்ந்ததை அவளே கவனிக்கவில்லை. நானும்தான்.

கூடைக்கு நாலடியில் நிறுத்தினேன். முடித்திருக்கலாம். ஆனால் முடித்தால் ஆட்டம் முதல் பக்கத்துக்குப் போய்விடும், ஆதாரம் அழிந்துவிடும். பெரியப்பா பார்க்க வேண்டும். ஆட்டத்தை அப்படியே உறைய வைக்கும் பாஸ் பட்டனை அமுக்கினேன். பையன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். டிவியை மட்டும் அணைத்தேன். ஆட்டப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணா வந்தால் ரீசெட்டை அமுக்குவான் என்று தெரியும். அதனால் பெட்டியை ஒயர் எட்டுகிற தூரத்துக்கு நகர்த்தி, பட்டு விரித்த புத்தக அடுக்கின்மேல் வைத்து, குங்குமம் இட்டேன். இனி நாளைக் காலைவரை யாராலும் தொட முடியாது. விதியை எனக்குக் காவல் வைத்தது அதுதான் முதல் தடவை. மிகவும் கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது.

அக்கா பின்கட்டுக்குத் திரும்பிப் போனாள்.

சாயங்காலம் கொலுவுக்கு ஆட்கள் வந்தபடி இருந்ததால் டிவி போட முடியவில்லை. சாப்பாட்டின்போது சொன்னேன். அண்ணா சிரித்தான். பெரியப்பா ரசத்தைக் கலந்தபடி, "புனர்பூஜை ஆகட்டும். எல்லாரும் உக்காந்து பார்ப்போம். இருந்தா சந்தோஷம். இல்லேன்னா அதையும் சேர்த்து எழுதறேன்" என்றார். நியாயமான தீர்ப்பு. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் சிவப்பு விளக்கு எரியவில்லை.

தூங்கப் போகுமுன் காஸ் சிலிண்டர், மோட்டார், ஹால் ஸ்விட்ச் மூன்றையும் சரிபார்த்து அணைப்பது பெரியப்பாவின் தினசரி நடைமுறை. அன்றும் செய்திருக்கிறார். பூஜையில் வைத்ததை அவர் தொடவில்லை, சுவரில் இருந்த ஸ்விட்சைத்தான் தொட்டார். நான் அழுதபோது அதை அவரே பொறுமையாக விளக்கினார். நான் போட்ட விதியில் ஓட்டை இருந்தது. வேறு என்ன சொல்வது.

டிவியைப் போட்டோம். நத்தை வந்தது.

அண்ணா புத்தக அடுக்கிலிருந்து என் கோடு போட்ட நோட்டை உருவி நீட்டினான். "பாருங்கோப்பா, இவ எல்லாத்தையும் எழுதி வெப்பா. நாலாவது ஸ்டேஜோட முடிஞ்சிருக்கு. அஞ்சுன்னு ஒண்ணு இருந்தா எழுதியிருக்க மாட்டாளா?" பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். காகிதத்தில் இல்லாதது உலகத்தில் இல்லை என்று நம்புகிறவர். மேசை டிராயரைத் திறந்து ஒரு இன்லண்ட் லெட்டரை எடுத்து வைத்தார்.

நான் பின்கட்டைப் பார்த்துக் கத்தினேன். அக்கா அப்போதுதான் பாத்திரங்களில் கை வைத்திருந்தாள். கூப்பிடாதே என்று அம்மா கண்ணால் சொன்னாள். அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அவளுக்குத் தெரிந்திருந்தது.

அக்கா நிலைப்படிக்கு வெளியே நின்றாள். நேற்று என்ன பார்த்தாய் என்று பெரியப்பா கேட்டார். நல்ல விதமாகத்தான் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு நேராக அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"பாப்பா சொல்றது நெசந்தாங்கய்யா. அரக்கன் ஒருத்தன் மேச மேல தலைய வெச்சிக்கினு தூங்குறான். அவன் மூச்சு வுட்டா தட்டெல்லாம் கடகடன்னு ஆடுது. மேசைக்கு அடியில இந்தப் பையன் கீறான், தம்மாத்தூண்டு. கூடையில ஒரு கோழி கீது."

அண்ணாவின் முகம் போன போக்கைப் பார்த்தேன். இப்படி யாராலும் கற்பனை செய்து சொல்ல முடியாது. ஜெயித்துவிட்டேன்.

பெரியப்பா தலையை ஆட்டினார். "இவ்வளவு விவரமாச் சொல்றியே. எவ்வளவு நாழி பார்த்தே?"

"ஒரு அரைமணி இருக்கும்ங்க."

"நின்னுண்டேவா?"

அவள் கண் ஒரு கணம் ஹாலுக்குள் போய் வந்தது. பெரியம்மா திரும்பிச் சாய்வு நாற்காலியைப் பார்த்தாள். அதன் பிரம்பு முதுகில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தேடுகிறவள் போல.

இதை நான் பணியில் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். சாட்சி சொல்வதை உடைக்க முடியாதபோது சாட்சியே விசாரணைக்கு உட்படுவார். நானே சிலரை அப்படி உட்படுத்தியிருக்கிறேன். நடைமுறைப்படி அதில் தவறு இல்லை. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. வழக்கு என்னைவிட்டு நகர்ந்துவிட்டது என்பது மட்டும் புரிந்தது, அதில் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. எங்கே உக்காந்திருந்தா?"

மேசைமேல் இன்லண்ட் லெட்டர் இருந்தது. மூடி கழற்றிய பேனா பக்கத்தில் இருந்தது. நான் பொய் சொல்கிற பெண் இல்லை என்று நிரூபிக்கத்தான் இவ்வளவும். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்து சாம்பல் தண்ணீர் நிலைப்படியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"உங்க நாற்காலியில, பெரியப்பா."

கேட்ட கேள்விக்குச் சரியான பதில். உட்காரச் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சாட்சி கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், தானாக எதையும் சேர்க்கக் கூடாது என்று பின்னாளில் எத்தனையோ பேருக்கு நான் அறிவுரை சொல்லியிருக்கிறேன்.

பெரியப்பா பேனாவை மூடினார். பெரியம்மாவிடம், "பார்த்தியோன்னோ? கேட்ட உடனே மறைக்காமச் சொல்றது. இந்தக் குழந்தை பொய் சொல்லாது. அந்த பொம்மை விஷயத்துல நான்தான் தப்பாப் புரிஞ்சுண்டேன்" என்றார். அண்ணாவைக் கூப்பிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார். நியாயமானவர் என்று சொன்னேனே.

அக்காவிடம் அவர் பேசவில்லை. பெரியம்மா பின்கட்டுக்குப் போய், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றாள். உருளி ஊறுதும்மா, அடி புடிச்சிருக்கு, புளி போட்டுத் தேய்க்கணும் என்று அக்கா சொல்வது கேட்டது. நான்தான் உட்காரச் சொன்னேன் என்பதை அவள் அங்கேயும் சொல்லவில்லை. பின்வாசல் கதவுச் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து போய்ப் பாத்திரத்தின் முன் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பாத்திரங்களை அவள்தான் தேய்த்தாள். ஒரு வருஷம் என்று பேச்சு. மூன்று வருஷம் ஆயிற்று.

பெரியம்மா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து நாற்காலியைத் துடைத்தாள். கைப்பிடி, முதுகு, கால் நான்கும். பெரியப்பா அது காயும்வரை நின்றுகொண்டிருந்தார். புனர்பூஜை ஆகிவிட்டது, வைத்ததை எடுத்துச் சிறிது நேரமாவது பயன்படுத்த வேண்டும் என்பது சாஸ்திரம், முதல் ஆட்டம் இவளுக்கு என்று சொல்லி ஜாய்ஸ்டிக்கை என்னிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன்.